பஞ்சப்படி யாருக்கு?

எங்கள் பகுதியில் முதியோர் ஓய்வூதியத்தை யாரும் அந்தப் பெயரால் சொல்வதில்லை. "ஆயிரம் ரூபா வந்துடுச்சா?" என்றுதான் கேட்பார்கள். 2023 ஆகஸ்டில் அது 1,200 ஆனது. ஆனாலும் பழைய பெயர் போகவில்லை. 2011இல் ஆயிரமாக ஆன பணம் 12 ஆண்டுகள் அப்படியே கிடந்ததால், தொகையே பெயராக ஒட்டிக்கொண்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர் எவரும் தன் பென்ஷனைத் தொகையால் பெயர் சொல்லி அழைக்க முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தொகை மாறிவிடும்.

ஏன் மாறுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். நம் கூட்டங்களில் இதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. அரசு ஊழியரின் சம்பளத்தில் அகவிலைப்படி என்று ஒன்று உண்டு. ஓய்வு பெற்றவருக்கு அதே விகிதத்தில் அகவிலை நிவாரணம். ஒன்றியத் தொழிலாளர் துறையின் கீழ் உள்ள லேபர் பீரோ மாதாமாதம் கடைகளில் விலை எடுத்து, தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கான விலைக் குறியீட்டு எண்ணை வெளியிடுகிறது. அந்த எண் எவ்வளவு ஏறியதோ அந்த அளவுக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் படி ஏறும். இதற்காக யாரும் மனு எழுதுவதில்லை, கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருவதில்லை. ஒன்றிய அரசில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 9,000 ரூபாய். 2025 ஜூலைக் கணக்கில் அகவிலை நிவாரணம் 58 சதவீதம். சேர்த்தால் 14,220.

அகவிலைப்படிக்குப் பழைய பெயர் பஞ்சப்படி. ஆலைத் தொழிற்சங்கத் தோழர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும். பஞ்சம் வந்தால் வயிறு காயாமல் இருக்க ஒரு படி. உண்மையிலேயே வயிறு காயும் இடத்துக்கு அந்தப் படி வந்து சேரவில்லை என்பதுதான் என் பேச்சு.

இப்போது ஏழைகளின் கணக்கு. தேசிய சமூக உதவித் திட்டம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. முதியவருக்கு ஒன்றிய அரசின் பங்கு அப்போது 75 ரூபாய். 2006இல் 200 ஆனது. 2025லும் 60 முதல் 79 வயது வரை அதே 200தான். 80 வயதுக்கு மேல் என்றால் 500, அதுவும் 2011 முதல் அசையவில்லை. கைம்பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 2012 முதல் 300. மீதியை மாநிலங்கள் தங்கள் கையிலிருந்து போட்டுக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு போடுகிறது. சில மாநிலங்கள் பேருக்குத்தான் போடுகின்றன.

இதே லேபர் பீரோ வேளாண் தொழிலாளர்களுக்கென்று தனி விலைக் குறியீடும் வெளியிடுகிறது. அதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2006க்குப் பிறகு அந்தக் குறியீடு மூன்று மடங்குக்கும் மேல் ஏறியிருக்கிறது. அதாவது இன்றைய 200 ரூபாய், 2006இன் விலையில் சுமார் 60 ரூபாய். இன்னொரு கணக்கு இதைவிடக் கசப்பானது. 1995இல் கொடுத்த அந்த 75 ரூபாயையே ஒருமுறைகூட உயர்த்தாமல், விலைவாசியோடு மட்டும் கட்டிவிட்டிருந்தால், இன்று அது 400 ரூபாயைத் தாண்டியிருக்கும். 'உயர்த்திக் கொடுத்தோம்' என்று சொல்லிக்கொள்ளும் 200, அதில் பாதி.

தமிழ்நாட்டுக் கதையும் ரொம்ப வேறல்ல. இங்கே 1962லேயே 20 ரூபாயில் முதியோர் ஓய்வூதியத்தைத் தொடங்கிவிட்டோம். அது பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் 2011க்கும் 2023க்கும் நடுவில் வேளாண் தொழிலாளர் குறியீடு ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆனது. ஆயிரம் இரண்டாயிரம் ஆகியிருந்தால் ஆயா அன்று வாங்கியதை இன்றும் வாங்கலாம். ஆனது 1,200. 2011 விலையில் பார்த்தால் 600 ரூபாய்ச் சொச்சம். ஆட்சி மாறியது, முதலமைச்சர்கள் மாறினார்கள், எல்லோர் காலத்திலும் இது கரைந்தது. கடைசியில் 'உயர்வு' என்று விளம்பரமும் வந்தது.

நான் வேலை செய்யும் காலனியில் ஒரே தெருவில் இரண்டு வீடுகள். ஒன்றில் இருக்கும் பெரியம்மாவின் கணவர் நகராட்சியில் நிரந்தரத் துப்புரவுப் பணியாளராக இருந்து இறந்தவர். 2003 ஏப்ரலுக்கு முன்பே பணியில் சேர்ந்ததால் அவருக்குப் பழைய ஓய்வூதியம் உண்டு. அவர் போன பிறகு பெரியம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது, அகவிலை நிவாரணத்தோடு. எதிர்வீட்டு ஆயா அதே நகராட்சியின் அதே தெருக்களைத்தான் கூட்டினார், ஒப்பந்தக்காரரிடம். வேலை போனதும் கையில் ஒன்றும் இல்லை. ஓஏபி 1,200.

இரண்டு பேரும் ஒரே அண்ணாச்சி கடையில்தான் பருப்பு வாங்குகிறார்கள். விலை ஏறினால் இரண்டு பேருக்கும்தான் ஏறுகிறது. ஒருவருக்கு மட்டும் அரசு ஈடு கட்டுகிறது.

பெரியம்மா வாங்குவது தப்பு என்று நான் சொல்லவில்லை. அரசு ஊழியருக்கு எதிராக ஏழையை நிறுத்தி வைத்து 'பார், அவனுக்கு எவ்வளவு' என்று காட்டும் ஊடகப் பேச்சில் நாம் விழுந்துவிடக் கூடாது. இடஒதுக்கீட்டில் நம் தலைமுறை பிடித்த அந்த நிரந்தர வேலைதான் காலனியில் முதல் மாடி வீட்டைக் கட்டியது, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியது. துப்புரவு வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டபோது நம்மிடமிருந்து பறித்தது சம்பளத்தை மட்டுமல்ல, விலைவாசியிலிருந்து கிடைத்த பாதுகாப்பையும் சேர்த்துத்தான். அதைப் பற்றி அப்போது நாம் பேசவே இல்லை. பி.எஃப் பிடித்தவர்களுக்கு மட்டும் என்ன வாழ்கிறது? இபிஎஸ் 95 திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் 1,000 என்று வைத்தார்கள். 2025லும் அதே 1,000.

நாட்டில் தலித் தொழிலாளர்களில் பாதிக்கு நெருக்கமானவர்கள் வேளாண் கூலிகள் என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. நிலம் கிடையாது, பணிக்கொடை கிடையாது. வயதானால் வேறு போக்கிடம் இல்லை. ஆகவே எந்தத் தொகை குறியீட்டோடு கட்டப்பட்டிருக்கிறது, எது கட்டப்படவில்லை என்று ஒரு பட்டியல் போட்டால், அது கிட்டத்தட்ட ஊரையும் சேரியையும் பிரிக்கும் கோட்டின் மேலேயே போகிறது. யாரும் உட்கார்ந்து அப்படித் திட்டம் போடவில்லை. யார் பேரம் பேச முடிந்ததோ அவர்களுக்கு விதி கிடைத்தது, மற்றவர்களுக்கு அறிவிப்பு கிடைத்தது.

பட்டியலின் உச்சியில் யார் இருக்கிறார்கள் தெரியுமா? நாடாளுமன்ற உறுப்பினர்கள். தங்கள் சம்பளத்தைத் தாங்களே உயர்த்திக்கொள்கிறார்கள் என்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தவர்கள், 2018 நிதிச் சட்டத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, வருமான வரிச் சட்டத்தில் உள்ள விலையேற்றக் குறியீட்டின்படி சம்பளம் தானாக ஏறும். அதன்படி 2025 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. மாதச் சம்பளம் ஒரு லட்சத்திலிருந்து 1,24,000. முன்னாள் உறுப்பினர்களின் ஓய்வூதியம் 25,000இலிருந்து 31,000. 2023 ஏப்ரல் 1 முதல் முன்தேதியிட்டு. விலைவாசி ஏறினால் தொகையும் ஏற வேண்டும் என்ற நியாயம் அவர்களுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. அந்த 200 ரூபாய்க்கு நிதி ஒதுக்குவதும் அதே அவைதான். தேசிய சமூக உதவித் திட்டத்துக்கு 2024-25இல் 9,652 கோடி, 2025-26லும் 9,652 கோடி. ஒரு கோடிகூட ஏறவில்லை.

இதில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்று. கொரோனா காலத்தில் 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை அகவிலைப்படி உயர்வை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. அதற்கு ஆணை போட வேண்டியிருந்தது. காரணம் சொல்ல வேண்டியிருந்தது. சங்கங்கள் கண்டித்தன, பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன, 2021 ஜூலையில் திரும்பவும் தொடங்க வேண்டியிருந்தது. எதிர்வீட்டு ஆயாவின் பணத்தை வெட்ட இப்படி ஒரு ஆணை தேவையே இல்லை. சும்மா இருந்தாலே போதும். ஒவ்வொரு வருடமும் வெட்டு விழுகிறது, யாரும் கையெழுத்துப் போடவில்லை, யாரையும் கேள்வி கேட்க முடியாது. குறியீட்டோடு கட்டிவிட்டால் இந்த நிலை தலைகீழாகும். ஏற்றுவதற்கு அரசாணை வேண்டாம், வெட்டுவதற்குத்தான் வேண்டும். வெட்ட நினைப்பவர் முகம் காட்டியாக வேண்டும்.

அமெரிக்காவிலும் 1975க்கு முன்பு இதே கதைதான். முதியோர் ஓய்வூதியத்தை உயர்த்த ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டியிருந்தது. அந்த ஆண்டிலிருந்து விலைக் குறியீட்டின்படி தானாக ஏறுகிறது.

"அரிசி இலவசம், பஸ் இலவசம், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது, அப்புறம் ஆயாவுக்கு என்ன செலவு?" இதை என்னிடம் கேட்டவர் வருவாய்த் துறையில் இருக்கிறார். நல்ல மனிதர், மனுக்களை இழுத்தடிக்காதவர். அவருக்காகவே ஆயாவோடு உட்கார்ந்து ஒரு மாதக் கணக்கை எழுதினேன். கைரேகை வைத்துப் பணம் எடுத்துத் தரும் முகவர் முதலில் 20 ரூபாய் எடுத்துக்கொள்கிறார். அதற்கு விதியும் இல்லை, ரசீதும் இல்லை. கேஸ் சிலிண்டரை மருமகளோடு பாதிப் பாதி. கரண்டு பில்லில் ஒரு பங்கு. செல்போன் ரீசார்ஜ் இல்லாமல் முடியாது, ஏனென்றால் பணம் வந்த செய்தியே போனில்தான் வருகிறது. முட்டி வலித் தைலம். டவுன் பஸ் நிற்காத இடத்துக்கு ஷேர் ஆட்டோ. பேரனுக்கு வாரம் ஒரு நாள் பத்து ரூபாய். வெங்காயம், தக்காளி, மிளகாய், புளி. வெற்றிலை பாக்கு.

"மின்னல்லாம் மாசத்துக்கு ரெண்டு தபா கறி எடுப்பேன். இப்ப கருவாடுதான். அதுவும் வெல ஏறிப்போச்சு" என்றார் ஆயா. வெற்றிலைக் கணக்கைப் பார்த்துவிட்டு அந்த அதிகாரி சிரித்தார். அவருடைய படியில் எவ்வளவு டீக்குப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை என்றேன். அதற்கும் சிரித்தார்.

இலவச அரிசி வந்த பிறகு ஆயா காசு கொடுத்து வாங்குவதில் பெரும்பகுதி காய்கறி, பருப்பு, எண்ணெய், எரிபொருள்தான். இவைதான் திடீர் திடீரென்று ஏறுகிறவை. ஆகவே எந்தக் குறியீட்டோடு கட்டுவது என்பதும் சண்டை போட வேண்டிய விஷயம். தொழிற்சாலைத் தொழிலாளர் குறியீட்டில் உணவுக்கான எடை 39 சதவீதம். வேளாண் தொழிலாளர்களின் பழைய குறியீட்டில் அது 69 சதவீதம். ஆனால் அந்தப் பழைய குறியீட்டின் கூடை 1983ஆம் ஆண்டின் நுகர்வுக் கணக்கெடுப்பில் பின்னியது. 2025இல்தான் அதைப் புதுப்பித்தார்கள். 40 ஆண்டுகளாக, செல்போனே இல்லாத ஒரு கூடையை வைத்துக் கூலிக்காரரின் வாழ்க்கைச் செலவை அளந்துகொண்டிருந்தார்கள். சமூகவியல் படிக்கும் தம்பி தங்கைகள் இதில் ஆய்வு செய்யலாம்: தனியாக வாழும் முதிய தலித் பெண்ணின் கூடையில் என்ன இருக்கிறது?

குறியீட்டோடு கட்டினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. நூறு நாள் வேலைக் கூலியைப் பாருங்கள். 2011 ஜனவரியிலிருந்து அதை வேளாண் தொழிலாளர் குறியீட்டோடு கட்டினார்கள். தமிழ்நாட்டில் 2023-24இல் 294, அடுத்த ஆண்டு 319, 2025-26இல் 336 என்று ஏறியது. முதியோர் பணத்தைப் போல உறைந்து போகவில்லை என்பது உண்மை. ஆனால் தொடக்கத் தொகை சிறியது. சிறியதைக் குறியீட்டோடு கட்டினால் அது சிறியதாகவே பத்திரமாக இருக்கும். அதனால்தான் 2012 முதல் அருணா ராயும் பாபா ஆதவும் முன்னின்று நடத்திய பென்ஷன் பரிஷத், ஓய்வூதியம் குறைந்தபட்சக் கூலியில் பாதியாவது இருக்க வேண்டும் என்று கேட்டது. முதலில் அடித்தளத்தை உயர்த்து, பிறகு அதை விலைவாசியோடு கட்டு. நான் அந்தப் பக்கம்தான்.

ராஜஸ்தான் 2023இல் குறைந்தபட்ச வருமான உத்தரவாதச் சட்டம் ஒன்றை இயற்றியது. மாதம் குறைந்தது 1,000 ரூபாய் ஓய்வூதியம், ஆண்டுக்கு 15 சதவீத உயர்வு, ஜூலையில் 5, ஜனவரியில் 10. தொகை சிறியது, விகிதமும் விலைக் குறியீட்டிலிருந்து வந்ததல்ல. ஆனாலும் உயர்வைச் சட்டத்தின் வாசகத்தில் எழுதினார்கள் என்பதைக் கவனியுங்கள். சமூக நீதியின் முன்னோடி என்று சொல்லிக்கொள்ளும் தமிழ்நாட்டில் அப்படி ஒரு வரி எந்தச் சட்டத்திலும் இல்லை.

மாணவர்களுக்கு இது பாட்டிமார் விஷயம் என்று தோன்றினால், உங்கள் ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தை எடுத்துப் பாருங்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமான உச்சவரம்பு 2.5 லட்சம். 2013இல் வைத்தது. அப்பா கொத்தனார், அம்மா சித்தாள், இரண்டு பேருக்கும் கூலி விலைவாசியோடு கொஞ்சம் ஏறியிருக்கும். வாங்கும் பொருள் கூடியிருக்காது, ஆனால் வருமானச் சான்றிதழில் எண் 2.5 லட்சத்தைத் தாண்டிவிடும். அண்ணனுக்குக் கிடைத்த உதவி தங்கைக்கு இல்லை. 2019இல் முன்னேறிய சாதி ஏழைகளுக்கு 10 சதவீத ஒதுக்கீடு கொண்டுவந்தபோது 'ஏழை' என்பதற்கு வைத்த வரம்பு 8 லட்சம். தொகை உறைந்தால் பணம் கரைகிறது, வரம்பு உறைந்தால் ஆளையே வெளியே தள்ளுகிறது. இரண்டாவதைப் பற்றி நாம் இன்னும் குறைவாகத்தான் பேசுகிறோம்.

'அரசிடம் பணம் இல்லை' என்ற பதில் வரும். அரசமைப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவும் முதுமையில் பொது உதவி பெறும் உரிமையைச் சொல்லும்போது, அரசின் பொருளாதார வலிமையின் வரம்புக்கு உட்பட்டு என்றுதான் சொல்கிறது. நீதிமன்றத்தில் நேரடியாக வழக்குப் போட முடியாத பிரிவு அது. ஆனால் அந்த வலிமையின் வரம்பு ஏன் சிலருக்கு மட்டும் நினைவுக்கு வருகிறது? அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர். போர்க்கால விலையேற்றத்தில் தொழிலாளிகளின் கூலி கரைந்துகொண்டிருந்த காலம். 1944இல் ரேகே குழுவை அமைத்துத் தொழிலாளர்களின் கூலியையும் வாழ்க்கை நிலைமையையும் விசாரிக்க வைத்தது அவர் பொறுப்பிலிருந்த துறைதான். முதலில் அளந்து பார், அந்த அளவை வைத்துப் பேசு என்கிற வழி அது. சிலை திறப்பில் காட்டும் உற்சாகத்தில் கொஞ்சத்தை இந்த அம்பேத்கரைப் படிப்பதிலும் காட்டலாம்.

அரசியல்வாதிகளுக்கு விதி பிடிக்காததற்கு வேறொரு காரணமும் உண்டு. விதி வந்துவிட்டால் அறிவிப்பதற்கு ஒன்றும் இருக்காது. தேர்தலுக்கு முன் 'உயர்த்துவோம்' என்று சொல்ல முடியாது. தானாக ஏறுகிற பணத்தில் முதலமைச்சர் படம் போட முடியாது. மகளிர் உரிமைத்தொகையையே பாருங்கள். பெயரில் உரிமை இருக்கிறது. 2023 செப்டம்பரில் 1,000, இரண்டு ஆண்டு கழித்தும் 1,000.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போகும் நம் மனுக்கள் பெரும்பாலும் 'தொகையை 3,000 ஆக உயர்த்துக' என்று முடிகின்றன. கேட்கட்டும். ஆனால் அதன் கீழே இன்னும் மூன்று வரி சேருங்கள். ஓய்வூதியம் குறைந்தபட்சக் கூலியின் பாதிக்குக் குறையக் கூடாது. ஒவ்வோர் ஏப்ரலிலும் விலைக் குறியீட்டின்படி அது தானாக உயர வேண்டும். வருமான வரம்புகளும் அதே குறியீட்டின்படி நகர வேண்டும். உயர்த்தவில்லை என்றால் ஏன் என்பதற்கு அரசு எழுத்தில் காரணம் தர வேண்டும் என்பதையும், இடம் இருந்தால், போடுங்கள்.

மனுவோடு ஒரு நோட்டும் வேண்டும். எங்கள் பகுதிக் கல்லூரிப் பிள்ளைகள் ஆறு பேர் இதைத் தொடங்கியிருக்கிறார்கள். மாதாமாதம் 5ஆம் தேதி, அதே அண்ணாச்சி கடை, அதே பதினெட்டுப் பொருள், அன்றைய விலை. பதினெட்டாவது வெற்றிலை. அடுத்த நோட்டு எந்தக் காலனியில் என்று எழுதுங்கள், படிவம் அனுப்பி வைக்கிறேன்.